அரசு இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி சரிசெய்வது எப்படி: தமிழ்ப் பக்கங்களுக்கான கையேடு

ஒரு துறையின் இணையதளத்தைச் சரிசெய்ய உட்காரும்போது முகப்புப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். மக்கள் அந்தத் தளத்துக்கு எதற்கு வருகிறார்கள் என்று பார்த்து, அதிகம் பேர் செய்யும் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பது, ஓர் அரசாணையைத் தேடி எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றையும் மவுஸைத் தொடாமலும் திரையைப் பார்க்காமலும் தொடக்கத்திலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை முடிக்க முடிகிறதா? முகப்பில் ஒரு படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்துக் குறிப்பு, இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் 'சமர்ப்பி' பொத்தான் விசைப்பலகைக்கு அகப்படாவிட்டால், அதுவரை செய்தது அத்தனையும் வீண்.

சட்ட நிலையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42, 46 ஆகிய பிரிவுகள் மின்னணுத் தகவலையும் சேவைகளையும் அணுகத்தக்கதாக வைக்கச் சொல்கின்றன. எந்த அளவுகோல் என்பதை இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், அதாவது ஜி.ஐ.ஜி.டபிள்யூ., சொல்கின்றன. 2023-இல் வந்த அதன் 3.0 பதிப்பு, இணைய உள்ளடக்க அணுகலுக்கான உலகளாவிய நெறிகளான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இன் இரட்டை ஏ நிலையை அடிப்படையாகக் கொண்டது. இந்தியத் தர ஆவணமான ஐ.எஸ். 17802-உம் உண்டு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தரங்களை வெறும் பரிந்துரைபோல் வைத்திருந்த, அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15(1)-ஆம் விதி, சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. 'பரிந்துரைதானே' என்று கோப்பில் எழுதித் தள்ளிப்போட இனி இடமில்லை.

தளத்தைப் புதிதாகவே கட்டுகிறீர்கள் என்றால் 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-ஐ இலக்காக வையுங்கள். கூடுதல் வேலை கொஞ்சம்தான், 2.1 தானாகவே நிறைவேறிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு விண்டோஸ் கணினி, அதில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருள்), ஓர் ஆண்ட்ராய்டு போன், அதில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான். இவ்வளவு போதும். என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பழகினால் புரியும். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற குரலும் கிடைக்கும். என்.வி.டி.ஏ.வின் கருவிகள் பட்டியலில் 'ஸ்பீச் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. வாசிப்பான் பேசுவதை எழுத்தாகவும் காட்டும். பார்வை உள்ள நிரலாளர் பிழையைப் படம் பிடித்துக் குறிப்பெழுத அது கைகொடுக்கும்.

மூன்று விசைகளைப் பழகினாலே பாதித் தளத்தைச் சோதித்துவிடலாம். ஹெச் அடித்தால் அடுத்த தலைப்பு, எஃப் அடித்தால் அடுத்த படிவப் புலம், டி (T) அடித்தால் அடுத்த அட்டவணை. என்.வி.டி.ஏ. விசையுடன் எஃப்7 அடித்தால் பக்கத்தின் இணைப்புகள் அத்தனையும் பட்டியலாக வரும். அங்கே 'இங்கே கிளிக் செய்யவும்' என்று நாற்பது வரிகள் அணிவகுத்தால் அந்தப் பக்கத்தில் எதையும் தேடி எடுக்க முடியாது. 'முதியோர் ஓய்வூதிய விண்ணப்பப் படிவம், பி.டி.எஃப்., 240 கே.பி.' என்று இணைப்பே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் எழுத்து

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தமிழ்த் தளங்களில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே தமிழ்தானா என்பது.

பழைய உள்ளடக்கம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானதாக இருந்தால், கணினிக்கு அது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உச்சரிக்கும். தேடுபொறிக்கும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010-இல், எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடையும் தமிழுக்கென்றே அமைந்த டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. இணையத்துக்கு யூனிகோடு மட்டுமே ஆகும். டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால், அந்த எழுத்துகள் என்னவென்று திரைவாசிப்பானுக்குத் தெரியாது. அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணையப் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

மாற்றும்போது உரையை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் ஒரு விபத்து நடக்கும். இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும், மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து தமிழ்க் குப்பையாக மாறிவிடும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் ஒட்டும்போதே தொலைந்துவிடுவதுதான் காரணம். வேர்டு கோப்பாகவே எடுத்து, எழுத்துருவைப் பார்த்து மாற்றும் கருவியில் கொடுங்கள். பிறகு முகவரிகளையும் கோப்பு எண்களையும் ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒன்று பாக்கி. 'கௌரவம்' என்று அடிக்க வேண்டியதை, கெ போட்டு அருகில் ள போட்டு 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. வாசிப்பான் 'கெ-ள-ர-வம்' என்று படிக்கும். ஔவையார் 'ஒ-ள-வையார்' ஆவதும் இப்படித்தான். ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள்: தெளிவு, வெள்ளம், ஒளி எல்லாம் கூடவே கெட்டுப்போகும். சந்தேகச் சொற்களைப் பட்டியலிட்டு, சொல் சொல்லாக மாற்றுவதே வழி. துணைக்காலுக்குப் பதிலாக ர அடித்திருப்பதும் இதே ரகம்.

அடுத்தது மொழிக் குறி. பக்கத்தின் ஹெச்.டி.எம்.எல். குறிச்சொல்லில் 'லாங்' பண்பின் மதிப்பு தமிழ் என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் வார்ப்புருவில் வந்த ஆங்கில மதிப்பு அப்படியே கிடக்கும். அப்படியிருந்தால் வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். குரலைப் பொறுத்துச் சில இடங்களை விழுங்கும், சில இடங்களை எழுத்தெழுத்தாகச் சொல்லும். தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலக் குறி இடுங்கள். மொழி மாற்றும் பொத்தானில் உள்ள 'தமிழ்' என்ற சொல்லுக்கும் தமிழ்க் குறி வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட தமிழ் வாசகர் தேடுவது அந்த ஒரே சொல்லைத்தான்.

விசைப்பலகைச் சோதனை

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். இப்போது எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு அழுத்தத்திலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் யாரோ அழகுக்காக 'அவுட்லைன்' வரியை ஸ்டைல்ஷீட்டில் அணைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நீக்கினாலே பாதி சரியாகிவிடும்.

முதல் டேப் அழுத்தத்தில் 'முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்க' என்ற இணைப்பு வர வேண்டும். அரசுத் தளங்களில் இந்த இணைப்பு பெரும்பாலும் இருக்கிறது, ஆனால் அழுத்தினால் எங்கும் போவதில்லை. இணைப்பு சுட்டும் அடையாளப் பெயர் வார்ப்புரு மாறியபோது மாறியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மவுஸை மேலே வைத்தால் மட்டும் விரியும் பட்டிகள், எஸ்கேப் அடித்தாலும் மூடாத அறிவிப்புப் பெட்டிகள், இணைப்பாகவோ பொத்தானாகவோ இல்லாமல் வெறும் 'டிவ்'வில் கிளிக் நிகழ்வு மாட்டிய பொத்தான்கள், இந்த மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். கடைசியானதை, திரைவாசிப்பானுக்குக் குறிப்புத் தரும் 'ஏரியா' (ARIA) பண்புகள் போட்டு ஒப்பேற்றாமல் உண்மையான பொத்தான் குறிச்சொல்லாக மாற்றுங்கள். எண்டர், ஸ்பேஸ், குவியம் (விசைப்பலகை இப்போது நிற்கும் இடம்) எல்லாம் இலவசமாக வந்துவிடும்.

படிவம்: மாவட்டம், வட்டம், கிராமம்

தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பும் இடம் இதுதான். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்கள் வரும், வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமங்கள் வரும். மவுஸில் ஒரு சிக்கலும் இல்லை. விசைப்பலகையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விருதுநகர்க்காரர் பட்டியலில் நின்று கீழ் அம்பை ஒருமுறை அழுத்துகிறார். 38 மாவட்டங்களில் முதலாவதான அரியலூர் தேர்வாகிறது. உடனே 'தேர்வு மாறியது' என்ற நிகழ்வு கிளம்பிப் பக்கம் முழுவதும் மறுபடி ஏறுகிறது. குவியம் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடுகிறது. மறுபடி தேடி வந்து மறுபடி அழுத்தினால் அடுத்த மாவட்டம், மறுபடி உச்சி. விருதுநகர் வரை இப்படிப் போக யாருக்கும் பொறுமை இருக்காது. ஆல்ட்டுடன் கீழ் அம்பை அழுத்திப் பட்டியலை விரித்துவிட்டால் தப்பலாம் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது.

திருத்தம் இதுதான். பக்கத்தை மறுஏற்றம் செய்யாதீர்கள். வட்டங்களின் பட்டியலைப் பின்னணியில் எடுத்துவந்து அடுத்த பெட்டியில் நிரப்புங்கள், குவியம் மாவட்டப் பெட்டியிலேயே இருக்கட்டும். பக்கம் ஏறும்போதே ஒரு காலியான நிலை அறிவிப்புப் பகுதியை, 'ஏரியா-லைவ்' மதிப்பு 'பொலைட்' என்று வைத்து, அமைத்துவிடுங்கள். பட்டியல் நிரம்பியதும் 'வட்டங்களின் பட்டியல் தயார்' என்று அதில் எழுதினால் வாசிப்பான் சொல்லிவிடும். அந்தப் பகுதியையே செய்தியுடன் சேர்த்துப் புதிதாகச் செருகினால் பல நேரம் சத்தமே வராது. செய்யவே முடியாத பழைய மென்பொருளாக இருந்தால், பட்டியலின் அருகில் 'வட்டங்களைக் காட்டு' என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

ஒவ்வொரு புலத்துக்கும் லேபிள் வேண்டும், அது 'ஃபார்' பண்பால் புலத்தின் அடையாளத்துடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். புலத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு லேபிள் ஆகாது. தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், நினைவாற்றல் குறைபாடு உள்ளவருக்கு எதை நிரப்புகிறோம் என்பதே மறந்துபோகும். ஆண், பெண், திருநர் என்ற தேர்வுகளை 'ஃபீல்ட்செட்'டில் அடைத்து 'லெஜண்ட்' கொடுங்கள். பிழை நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. 'குடும்ப அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று புலத்தின் அருகிலேயே எழுத்தில் சொல்லி, 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' மூலம் புலத்துடன் இணைத்து, குவியத்தை முதல் பிழைக்கு நகர்த்துங்கள். நிரப்பிய மற்ற விவரங்கள் அழியக் கூடாது. பார்வையற்றவர் இருபது நிமிடம் செலவிட்டு நிரப்பியது அது.

தமிழில் பெயர் கேட்கும் புலத்தில், ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் ஸ்கிரிப்டை வலிந்து ஒட்டியிருப்பார்கள். அது விசை அழுத்தங்களை இடைமறிப்பதால் வாசிப்பான் தவறான எழுத்தைச் சொல்லும். தமிழ்99 விசைப்பலகை வைத்திருப்பவரின் தட்டச்சும் குழம்பும். அணைக்கும் வசதி வையுங்கள், தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும்.

கேப்சா பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. வளைந்து நெளிந்த எழுத்துப் படம் மட்டும் இருந்தால் பார்வையற்றவருக்குக் கதவு மூடியது. ஒலி வடிவம் சேர்த்தாலும் பார்வையும் கேட்பும் இரண்டும் குறைந்தவர் வெளியேதான். எப்படியும் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பும் தளத்தில் கேப்சாவுக்கு என்ன வேலை? ஒரே முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைப்பதும், மனிதர் கண்ணில் படாத, தானியங்கி நிரல்கள் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் பொறிப் புலம் வைப்பதும் பெரும்பாலான தளங்களுக்குப் போதும். ஓ.டி.பி.யை ஒட்ட முடியாதபடி தடுக்காதீர்கள். ஆறு பெட்டிகளாகப் பிரிக்காமல் ஒரே பெட்டியாக வையுங்கள்.

அமர்வு நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, ஒரே விசையில் நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும். முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்லும் சரிபார்ப்பு இருந்தால், சிமிட்ட முடியாதவருக்கு மாற்று வழி கட்டாயம். பிரக்யா பிரசூன் வழக்கு கிளம்பியதே அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களால் அந்தச் சோதனையைத் தாண்ட முடியாமல் போனதால்தான்.

அரசாணைகளும் பி.டி.எஃப். கோப்புகளும்

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவது அலுவலக வழக்கம். அது வெறும் புகைப்படம்தான், வாசிப்பான் 'காலி ஆவணம்' என்று சொல்லிவிடும். அந்த ஆணை வேர்டில்தானே தட்டச்சானது? அந்த மூலக் கோப்பிலிருந்தே வலைப்பக்கமாகவும் வெளியிடுங்கள், ஸ்கேனைக் கையொப்பச் சான்றாகப் பக்கத்தில் இணையுங்கள். இதைவிட மலிவான தீர்வு கிடையாது.

பி.டி.எஃப்.பே வேண்டும் என்றால் வேர்டில் தலைப்புகளுக்கு எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்காமல் 'ஹெடிங்' பாணியைப் பயன்படுத்துங்கள். 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' வழியாகப் போகாதீர்கள், கட்டமைப்புக் குறிகள் அத்தனையும் உதிர்ந்துவிடும். 'சேவ் அஸ்' வழியாகப் போய், விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள்.

பிறகு தமிழுக்கே உரிய ஒரு சோதனை. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். 'பொதுப்பணி' என்றே வந்தால் நல்லது. 'ெபாதுப்பணி' என்று கொம்பு முன்னால் துள்ளி வந்தால், எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன, உச்சரிக்கும் வரிசையில் அல்ல. ஒகரக் கொம்பு இரண்டு துண்டாகி, மெய்க்கு முன்னொன்று பின்னொன்றாக நிற்கும். வாசிப்பானின் உச்சரிப்பு உடையும், தேடலும் வேலை செய்யாது. அச்சுக்கு வடிவமைத்த மென்பொருளிலிருந்து வரும் கோப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. கோப்பை ஒட்டுப்போட முயலாமல் மூல உரையிலிருந்து மறுபடி உருவாக்குவதே வேகமான வழி.

மூலமே இல்லாத பழைய ஆணைகளை 300 டி.பி.ஐ.யில் நேராக ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தேர்ந்து ஓட்டுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் வரும், அங்கே எழுத்துணரி தடுமாறும். எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்கில் போகும். தளப் பதிவேட்டைப் பார்த்து, மக்கள் அதிகம் இறக்கும் ஆணைகளை முதலில் முடியுங்கள். மற்றவற்றுக்கு 'படிக்கத்தக்க வடிவம் வேண்டுமெனில் கேளுங்கள்' என்று ஓர் இணைப்பு வைத்து, கேட்டால் சில நாளில் கொடுங்கள். தொகையும் தேதியும் உள்ள வரிகளைக் கட்டாயம் மனிதர் மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

நிறம், அளவு, அசைவு

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 மாறுபாடு வேண்டும். 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் தேறும், #777777 தோற்கும். அவ்வளவு நூலிழை. வெள்ளையில் காவி எழுத்து தேறவே தேறாது.

உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தான்களில் நீளமான தமிழ்ச் சொல் இங்கேதான் வெட்டுப்படும். பெட்டிகளுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். வரி இடைவெளி 1.5-க்குக் குறைந்தால் மேல் வரியின் உகரச் சுழிகள் கீழ் வரியின் மேற்சுழிகளில் இடிக்கும். போனில் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் நீக்குங்கள்.

ஓடும் எழுத்துச் செய்திப்பட்டியை எடுத்துவிடுங்கள். எடுக்க மேலிடம் ஒப்பவில்லை என்றால், ஐந்து வினாடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி ஒரு பொத்தானாவது வையுங்கள். அழைப்பிதழ், சுவரொட்டி போன்றவை படமாக ஏறினால் அதிலுள்ள நாள், இடம், தகுதி எல்லாம் கீழே எழுத்தாக வர வேண்டும். காணொலிக்குத் தமிழ் வசனவரி தேவை, தானியங்கி வசனவரியைத் திருத்தாமல் விடாதீர்கள்.

ஒட்டுக் கருவிகளை நம்பாதீர்கள்

ஒரு வரி ஸ்கிரிப்டைச் சேர்த்தால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று சொல்லி மிதக்கும் சக்கர நாற்காலிப் படத்தை விற்க வருவார்கள். அந்தப் பெட்டி எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தைத் தலைகீழாக்கும். இரண்டையும் உலாவியே செய்கிறது. இல்லாத லேபிளை அது எழுதிவிடாது, ஸ்கேன் ஆணையைப் படித்துக் காட்டாது, அரியலூரில் சிக்கியவரை மீட்காது. இப்படி அளவுக்கு மீறி வாக்களித்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க வணிக ஆணையம் 2025-இல் 10 லட்சம் டாலர் செலுத்தும்படி நடவடிக்கை எடுத்தது. அதேபோல் பல தளங்களில் 'திரைவாசிப்பான் அணுகல்' என்ற பக்கத்தில் மென்பொருள் பட்டியல் ஒன்று தொங்கும், அதில் 2017-இலேயே நிறுத்தப்பட்ட விண்டோ-ஐஸ்கூட இருக்கும். அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, எந்தப் பக்கங்கள் இன்னும் சரியில்லை, எப்போது சரியாகும், அதுவரை அந்த வேலையை முடிக்க எந்தத் தொலைபேசிக்கு அழைப்பது, எந்த மின்னஞ்சலுக்கு எழுதுவது என்று போடுங்கள். காது கேளாதவர் அழைக்க முடியாது என்பதால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ கட்டாயம்.

தானியங்கிச் சோதனைக்கு ஆக்ஸ், வேவ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. லேபிள் இல்லாத புலம், மாறுபாடு குறைந்த எழுத்து போன்றவற்றை நொடியில் பிடிக்கும். ஆனால் எல்லாப் படங்களுக்கும் மாற்று உரை 'படம்' என்று இருந்தாலும் அவை தேர்ச்சி கொடுத்துவிடும், பாமினி உரையைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாது. கருவிக்குப் பின் நீங்கள், உங்களுக்குப் பின் தினமும் திரைவாசிப்பானில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் என்ற வரிசையில் சோதியுங்கள். நான்கைந்து பேர் போதும்: முழுப் பார்வையற்றவர், குறைபார்வை உள்ளவர், கை அசைவு குறைந்தவர், காது கேளாதவர். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், மதிப்பீட்டிலேயே அந்தத் தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

'ஜி.ஐ.ஜி.டபிள்யூ.வுக்கு இணங்க' என்ற ஒரு வரியை ஒப்பந்தப்புள்ளியில் எழுதினால் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மூன்று வேலைகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: என்.வி.டி.ஏ.வும் விசைப்பலகையும் மட்டும் கொண்டு தமிழில் இவை முடிய வேண்டும், போனில் டாக்பேக்குடனும் முடிய வேண்டும், முடியும்வரை இறுதித் தவணை இல்லை. இணையதளங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் சான்று பெறுவதானால் அதை யார் பெற வேண்டும், கட்டணம் யாருடையது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சான்று கிடைத்த மறு வாரமே, உள்ளடக்கம் ஏற்றும் பணியாளர் ஒரு ஸ்கேன் சுற்றறிக்கையை ஏற்றித் தளத்தைப் பழையபடி ஆக்கிவிடக்கூடும். ஆகவே ஏற்றும் படிவத்திலேயே தடை வையுங்கள். மாற்று உரை காலியாக இருந்தால் படம் ஏறக் கூடாது, அலங்காரப் படத்துக்கு மட்டும் 'அலங்காரம்' என்ற தேர்வு. எழுத்து இல்லாத பி.டி.எஃப். வந்தால் மூலக் கோப்பைக் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் அந்த மூன்று வேலைகளையும் மவுஸ் இல்லாமல் முடித்துப் பார்த்து, எங்கே நின்றது என்று பதிவேட்டில் தேதியோடு எழுதட்டும்.